நிம்மியின் விமானத்துக்கு நான் செய்த மூன்று சைலன்சர்கள்

1

பக்கத்துப் பண்ணைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பணிவாக ஒரு புகார் சொன்னார். எங்கள் வீட்டு விமானம் போடுகிற சத்தத்தில் அவருடைய மாடுகள் மிரண்டுபோய்ப் பால் கொடுக்க மாட்டேன் என்கின்றனவாம். இந்த ஊரில் சண்டைக்கு வருகிறவர்கூட இப்படித்தான் வருவார். நான் மன்னிப்புக் கேட்டேன், என் கணவர் லூர்து மன்னிப்புக் கேட்டார், இத்தனைக்கும் காரணமான எங்கள் மகள் நிம்மி மட்டும் பின்னால் ஷெட்டுக்குள் ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் வெல்டராக வேலை பார்ப்பது பால் பவுடர் தொழிற்சாலையில். அந்த மாடுகள் பால் கொடுத்தால்தான் எனக்குச் சம்பளம்.

இது நடந்தது போன வருடம், நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து இறங்கிய அதே மாதத்தில். இந்த வருடம் அந்த மாதம் மறுபடி வந்துவிட்டது. வந்து பதினெட்டு வருடம் முடிந்ததற்காக லூர்து ஒரு கேக் வாங்கி வந்தார். “இத்தினி வருசத்துல இங்க இன்னாதான் கத்துக்கினே, சொல்லு பாப்போம்” என்று கேட்டுக்கொண்டே வெட்டினார். யோசித்துப் பார்த்தேன். பதினேழு வருடத்தில் கற்றதைவிட, போன ஒரு வருடத்தில் ஒரு சைலன்சரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டில் கற்றதுதான் அதிகம். ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்று அதைத்தான் எழுதுகிறேன்.

2

முதலில் எங்களைப் பற்றி. நான் சாந்தோம் பக்கத்துக் குப்பத்துப் பெண், பெயர் ஸ்டெல்லா. அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்கு மீன் கூடை. தம்பி அந்தோணிக்கு இன்றைக்கும் கடல்தான். நான் மட்டும் அடம்பிடித்து ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சேர்ந்தேன். வகுப்பில் ஒரே பெண். படித்து முடித்ததும் சிந்தாதிரிப்பேட்டையில் யூசுப் பாய் பட்டறையில் ஓட்டல்களுக்கு எவர்சில்வர் தொட்டியும் மேஜையும் செய்தேன். “ஸ்டெல்லா வெச்ச வெல்டிங்க கண்ண மூடிக்கினு தடவிப் பாரு, எங்க கீதுன்னே தெரியாது” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்வார். உண்மைதான். என் கைவேலையைப் பற்றி அடக்கமாகப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இந்த நாட்டு விசாவும் என் பெயரில்தான் வந்தது. அதற்கு அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். யூசுப் பாய் ஆசையாக, இவர் மிகவும் நல்ல பெண்மணி, பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பார் என்று எழுதிக் கொடுத்தார். நல்லவரா என்று நாங்கள் கேட்கவில்லை, எந்த உலோகத்தில் எந்த வகை வெல்டிங் செய்தார் என்று கேட்டோம் என விசா அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. அப்புறம் மூன்று முறை எழுதி வாங்கினேன். கடைசிச் சான்றிதழிலும் ஓர் ஓரத்தில், நல்ல பெண்மணி என்று அவர் சேர்த்துவிட்டிருந்தார்.

வந்த புதிதில் பாஷைதான் படுத்தியது. இங்கே ஆமாம் என்று ஆரம்பித்து இல்லை என்று முடிப்பார்கள். “யா, நா” என்றால் முடியாது என்று அர்த்தம். நான் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வருவேன். லீவு கேட்டு இப்படி இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

நிம்மிக்கு அப்போது எட்டு வயது. முதல் ஒரு வருடம் அவள் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் வீட்டில் திறக்கவில்லை. தமிழ் அவளுக்குப் புரியும், பேச வராது. வராது என்பதைவிட, பேச மாட்டாள். பெரியவளாகி, பக்கத்து நகரத்தில் கணக்கு டீச்சர் ஆனாள், தனி வீடு எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவதை நிறுத்தினாள். என் மீன் குழம்பு அவளுக்கு ‘ஹெவி’யாம். நான் ஏதாவது சொன்னால் கத்துவாள், நான் அதைவிடச் சத்தமாகக் கத்துவேன், லூர்து டீ போடப் போய்விடுவார். எங்கள் வீட்டில் இவ்வளவு டீ செலவாவதற்கு இதுதான் காரணம்.

டீச்சர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து விமானம் ஓட்டப் படித்துவிட்டாள் என்பது எங்களுக்கு லைசென்ஸ் வந்த பிறகுதான் தெரியும். அடுத்ததாக ஒருவர் பாதி கட்டி, அலுத்துப்போய் விட்டுவிட்ட இரண்டு சீட்டு விமானம் ஒன்றை விலைக்கு வாங்கினாள். இங்கே சொந்தமாக விமானம் கட்டுவது ஒரு பொழுதுபோக்கு, சட்டப்படி அனுமதியும் உண்டு. ஆனால் அவள் வீட்டில் அதை வைக்க இடமில்லை. எங்கள் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து சனி தவறாமல் நிம்மி வந்தாள். எங்களைப் பார்க்க இல்லை, விமானத்தைப் பார்க்க. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

3

அந்த விமானத்துக்கு அவள் வாங்கிய இன்ஜின் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து எடுத்தது, ரோட்டரி வகை. நமக்குத் தெரிந்த இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். இதில் பிஸ்டனே கிடையாது. முக்கோணமாக ஒரு ரோட்டர், தோசைக்கல் கனத்தில், உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். எடை குறைவு, உள்ளே உடைந்துபோக அதிகச் சாமானில்லை, அதனால் சிலர் விமானத்துக்கு விரும்பி வைக்கிறார்கள். ஆனால் புகை வெளியே வருகிற வழியில்தான் பேஜார். எரிந்து முடிக்காத நெருப்போடேயே வாயு படாரென்று வெளியே வரும். சைலன்சர் வைக்காவிட்டால் காது போய்விடும். வைத்தால், அந்தச் சூட்டில் குழாய் செக்கச்செவேலென்று ஆகிவிடும். சாதாரண சைலன்சரெல்லாம் சீக்கிரமே ஓட்டையாகிவிடும்.

மாட்டுக்காரர் வந்துவிட்டுப் போன சாயங்காலம், நிம்மி சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். கையில் கிரீஸ். இங்கிலீஷும் தமிழும் கலந்து, “மா, நீ பால் ஃபேக்டரிக்கு பைப் செய்யிற இல்ல? எனக்கு ஒரு எக்ஸாஸ்ட் செஞ்சி குடுப்பியா?” என்றாள்.

அவள் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, பாக்கலாம் என்றேன்.

அவள் கிளம்பியதும் லூர்து பிடித்துக்கொண்டார். “யோசிச்சிப் பாரு. மொத தடவ பறக்க சொல்லோ ஒண்டியாத்தான் பறக்கணுமாம், சட்டம். இன்ஜினு அவ முட்டிக்கு எதுரால கீது. அந்த பைப்பு மேல ஒடைஞ்சி நெருப்பு உள்ள வந்திச்சின்னா? நீ செஞ்சி குடுக்காதே. பைப்பு இல்லன்னா அது பறக்காது, அவ்ளோதான்.”

எனக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த விமானம் ஷெட்டிலேயே கிடக்கும். ஆனால் நிம்மி என் மகள். நான் இல்லையென்றால் எவனையாவது பிடித்துச் செய்து வாங்குவாள், விமானத்தையும் வேறெங்காவது கொண்டுபோவாள், சனிக்கிழமையும் அதோடு போகும். “எவனோ வெச்ச வெல்டிங்ல அவ போறதுக்கு நா வெச்ச வெல்டிங்ல போவட்டும்” என்றேன். லூர்து டீ போடப் போனார்.

4

முதல் சைலன்சரை நான் பால் குழாய் செய்கிற மாதிரியே செய்தேன். தொழிற்சாலையில் எங்களுக்கு ஒரே சட்டம்: இடுக்கு இருக்கக்கூடாது. இடுக்கு இருந்தால் அங்கே பால் தங்கும், தங்கினால் கெடும், கெட்டால் மொத்தத் தொட்டியும் கொட்ட வேண்டியதுதான். வெல்டிங் முடித்ததும் சோப்புத் தண்ணீர் பூசிக் காற்றை உள்ளே விடுவோம். ஒரு குமிழி வந்தாலும் அது என் மானப் பிரச்சனை. இவ்வளவு வருடத்தில் என் வேலையில் குமிழி வந்ததில்லை.

பளபளவென்று செய்தேன். இன்ஜினோடு குழாயை இறுக்கி, சைலன்சரை விமானத்தின் அடிவயிற்றில் நாலு கிளாம்பு போட்டு அசையாமல் முடுக்கினேன். மாடுகளுக்குத் தொந்தரவு வேண்டாமென்று ஊருக்கு வெளியே உள்ள புல்வெளி விமானத் திடலுக்குக் கொண்டுபோய், சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து ஓட்டினோம். சத்தம் அடங்கியிருந்தது. நிம்மி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால், உள்ளே சத்தத்தைக் குறைக்க நான் வைத்த தட்டுகள் சூட்டில் பிய்ந்து, வாயை அடைத்துக்கொண்டிருந்தன. மேலே போயிருக்கும்போது இப்படி நின்றிருந்தால்?  

அதற்கப்புறம் நிம்மி வீட்டுப்பாடம் செய்தாள். இந்த இன்ஜினை விமானத்தில் வைத்தவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்துவிட்டு வந்தாள். உள்ளே தட்டு வேண்டாம், துளை போட்ட குழாய் ஒன்று போதும். விமானத்தோடு கட்டவே கூடாது, இன்ஜினிலிருந்தே தொங்கவிட வேண்டும், இன்ஜின் ஆடினால் அதுவும் கூடவே ஆடட்டும். நடுவில் ஒரு ஸ்லிப் ஜாயிண்ட், அதாவது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் லூசாக நுழைந்து நிற்கும், ஸ்பிரிங் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். சூட்டில் குழாய் நீளும்போது அங்கே நழுவிக்கொள்ளும்.

இரண்டாவது சைலன்சரில் தட்டு வைக்கவில்லை, அது நியாயம். ஸ்லிப் ஜாயிண்டும் அவள் சொன்னபடி செய்தேன். கையால் ஆட்டினால் லொட லொட என்றது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பழக்க தோஷம், சோப்புத் தண்ணீர் பூசினேன். சுற்றிலும் குமிழி. வெள்ளைவெளேரென்று நுரை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. வெல்டிங் டார்ச்சை எடுத்தேன், சுற்றி ஒரே சீராக வெல்ட் வைத்து அடைத்துவிட்டேன். அடைத்த இடமே தெரியாத அளவுக்கு அழகு. நாலு கிளாம்பையும் திரும்பப் போட்டேன், ஒன்று அதிகமாகவே போட்டேன்.

சனிக்கிழமை நிம்மி பார்த்தாள். “என்ன மா பண்ணே?”

“ஒழுவிச்சி. அடைச்சிட்டேன்.”

“அது ஒழுகணும்! கோல்டா இருக்கும்போது கொஞ்சம் லீக் ஆகும், ஹாட் ஆனா தானா டைட் ஆயிடும். படிச்சேன்னு சொன்னேன்ல?”

“ஒழுவுற வேலைய செய்யணும்னா அதுக்கு நா எதுக்கு? வேற ஆளப் பாரு” என்றேன். கத்தினாள், கத்தினேன். கடைசியில், சரி, ஓட்டியே பார்க்கலாம் என்றாள்.

மறுபடி திடலுக்குக் கொண்டுபோனோம். நான் பக்கத்திலேயே நின்றேன். லூர்து பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி முடிப்பதற்குள் டப்பென்று ஒரு சத்தம். என் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே குழாய் வாய்பிளந்து, நெருப்பு நாக்கு நீட்டியது. நிம்மி அணைத்துவிட்டு இறங்கினாள். இன்ஜின் மூடியின் பெயிண்ட் கருகிப்போயிருந்தது, ஒரு வயரின் மேல்தோல் உருகி வழிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவள் கால் இருந்த இடம்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அந்தக் கருகின இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். 

5

இந்த நிலைமையில்தான் அந்தோணியின் மகள் கல்யாணம் வந்தது. நிம்மிக்குப் பள்ளி விடுமுறை. ஆச்சரியமாக, நானும் வருகிறேன் என்றாள். லூர்துக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. நான் துணிமணியோடு உடைந்த சைலன்சரையும் பெட்டியில் வைத்தேன். ஏன் என்று லூர்து கேட்டார். அதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். “என்ன மேடம் இது?”

“சைலன்சர்.”

“பைக்கா, காரா?”

“ஏரோப்ளேன்.”

அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் நிம்மியைப் பார்த்தார். “எந்த ஏர்லைன்ஸோடது?”

“எம் பொண்ணோடது.”

பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இங்கேருந்து நல்லதா ஒண்ணு வாங்கிட்டுப் போவாங்க, பாத்திருக்கேன். உடைஞ்சதை எதுக்கும்மா ஊருக்குத் தூக்கிட்டு வர்றீங்க?” என்று கேட்டார். தப்பில்லாத கேள்வி. வெளியே காத்திருந்த அந்தோணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “யக்கா, சென்ட்டு, சாக்லெட்டுன்னு வரும்னு புள்ளைங்க கண்ணு பூத்துப்போய் கீதுங்க. நீ ஓட்ட சைலன்சர எடுத்தாந்து கீற. நல்லா வருவே!”

மூன்றாம் நாள் குடும்பமே தி.நகருக்குப் புடவை எடுக்கக் கிளம்பியது. கடை வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் நிம்மி என் கையைப் பிடித்து இழுத்தாள். ஸ்பிரிங் எங்கே கிடைக்கும் என்று காதோடு கேட்டாள். பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறோம் என்று அந்தோணி பெண்சாதியிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம். சாயங்காலம்தான் திரும்பினோம். என் புடவையை அவளே எடுத்துவிட்டாள், எனக்குப் பிடிக்காத பச்சை. பழிவாங்கல் என்றுதான் நினைக்கிறேன்.

சிந்தாதிரிப்பேட்டையில் யூசுப் பாய் பட்டறை அதே சந்தில்தான் இருக்கிறது. உள்ளே மெஷின்கள் புதுசு, மேலே ஏசி கூடப் போட்டிருக்கிறார். தாடி மட்டும் வெள்ளை. நான் உடைந்த சைலன்சரை மேஜை மேல் வைத்ததும் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். “அரே, இன்னா வேலடா இது! ஸ்டெல்லா கைன்னு பாத்தாலே தெரியிது. எவன் ஒடைச்சான்?”

“தானா ஒடைஞ்சிது பாய்.”

நிம்மி தமிழில் விளக்க ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், கையையும் சேர்த்துக்கொண்டு. பைப் நீளும், இடம் குடுக்கணும், இடுக்கு வேணும். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இடுக்கு வுட்டா அது வேலையா கண்ணு? தொட்டிய இடுக்கு வுட்டு செஞ்சா ஓட்டல்காரன் செருப்பால அடிப்பான்” என்றார். அப்பாடா, எனக்கு ஒரு ஆள் கிடைத்தது. நானும் அவரும் ஒரு கட்சி.

நிம்மி சும்மா விடவில்லை. ஒரே அளவில் இரண்டு குழாய் வெட்டித் தரச் சொன்னாள். ஒன்றின் இரண்டு முனையையும் கனமான இரும்புச் சட்டத்தோடு என்னையே வெல்ட் வைக்கச் சொன்னாள். இன்னொன்றுக்கு ஒரு முனையில் மட்டும் வெல்ட், மறு முனை சும்மா ஒரு வளையத்துக்குள் லூசாக. இரண்டையும் கேஸ் டார்ச்சால் சிவக்கிற வரைக்கும் காய்ச்ச வேண்டும். “என் பைப் ஒடைஞ்சா நான் பிரியாணி வாங்கறேன். உங்க பைப் ஒடைஞ்சா?” என்று பாயைப் பார்த்தாள். “பட்டறைக்கே நா வாங்கறேன்” என்றார் பாய். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

காய்ச்சக் காய்ச்ச, லூசான குழாய் வளையத்துக்குள் முன்னால் நகர்ந்தது. கண்ணால் பார்த்தேன். முடுக்கின குழாய்க்கு நகர இடமில்லை. இடுப்பு வளைந்து புடைத்துக்கொண்டு நின்றது. டார்ச்சை அணைத்தோம். ஆற ஆற லூசான குழாய் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மற்றதிலிருந்து டப் என்று ஒரு சத்தம். என் வெல்டிங் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

அதே சத்தம். விமானத் திடலில் கேட்டது.

யூசுப் பாய் தாடியைத் தடவினார். “உம் பொண்ணு நம்ம ரெண்டு பேரையும் ஒரே பைப்புல கவுத்துட்டா, ஸ்டெல்லா” என்றார். பையன்கள் பிரியாணி என்று கூவினார்கள். நிம்மி ஜெயித்த மாதிரி குதிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபித்துக்கொள்வேனோ என்று. எனக்குக் கோபமே வரவில்லை. என் மகள் கெட்டிக்காரி என்று வாய்விட்டுச் சொன்னேன். இதை அவளிடம் இதற்கு முன்னால் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

சூட்டைத் தாங்குகிற நிக்கல் கலந்த தகடு பாய்க்குத் தெரிந்த கடையில் துண்டாகக் கிடைத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். அவள் பிடித்துக்கொள்ள, நான் வெல்ட் வைத்தேன். ஸ்லிப் ஜாயிண்ட் வந்ததும் என் கை தானாக டார்ச்சைத் தேடியது. “மா!” என்று ஒரு அதட்டல் போட்டாள். பையன்களோடு பேசிப் பேசி அவள் தமிழ் எப்படியோ ஆகிவிட்டிருந்தது. “டபாய்க்காத மா, எடம் வுடு” என்றாள். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

கல்யாணத்தில் அந்தப் பச்சைப் புடவையைத்தான் கட்டிக்கொண்டேன். நிம்மி கிரீஸ் கறை போகாத நகத்தோடு மணப்பெண் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

6

திரும்பி வந்தபோது இங்கேயும் பெட்டியைத் திறந்தார்கள். இந்த நாட்டுக்கு மண்ணும் விதையும் இலையும்தான் பயம். சைலன்சரின் வாயில் விளக்கடித்துப் பார்த்த சோதனை அதிகாரி அம்மாள், மண் எதுவும் இல்லை, போகலாம் என்றார். லூர்துக்காக நான் கொண்டு வந்த கறிவேப்பிலையை மட்டும் பிடுங்கிக்கொண்டார். சைலன்சர் வந்ததே, அதைத் தாளித்துச் சாப்பிடட்டுமா என்று அழைத்துப்போக வந்திருந்த லூர்து கேட்டார்.

பறப்பதற்கு முன் அரசாங்கத்து ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். உயரமான, பேச்சுக் குறைந்த மனிதர். இதில் பாதிக்கு மேல் கம்பெனியில் இல்லாமல் வீட்டில் கையால் கட்டியதுதானா என்று நிம்மியிடம் கேட்டார், காகிதங்களைப் பார்த்தார், ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். சைலன்சருக்கு வந்ததும் யார் செய்தது என்றார். என் அம்மா என்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஜாயிண்டைப் பிடித்து ஆட்டினார். லொட லொட.

“இது இப்படி லூசாகத்தான் இருக்க வேண்டுமா?” என்று என்னிடம் கேட்டார்.

என் வாழ்க்கையில் லூசான ஒரு வேலைக்கு நான் பொறுப்பேற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். “ஆமாம். கட்டாயம் இருக்க வேண்டும்” என்றேன். சூடானதும் என்ன ஆகும் என்று என் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். இன்ஜினை ஓட்டச் சொல்லி வெகுநேரம் நின்று பார்த்தார். குழாய் சிவந்தது, நழுவியது, தாங்கியது. அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.

7

பறக்கிற அன்று காற்றே இல்லை. திடலில் அவளுடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர், பக்கத்துப் பண்ணைக்காரர்கூட வந்திருந்தார். லூர்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டு காரிலேயே உட்கார்ந்துவிட்டார். இறங்கமாட்டேன் என்றார்.

நிம்மி உள்ளே ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கையசைத்து என்னைக் கூப்பிட்டாள். போனேன். “மா, ஜாயிண்ட்ட நீ பாத்துட்டியா? உனக்கு ஓகேவா?” என்றாள். “உனக்குக் கொஞ்சம் டவுட் இருந்தாலும் சொல்லு. எறங்கிடறேன். ஐ மீன் இட்.”

எதையும் என்னைக் கேட்டுச் செய்தவள் இல்லை. முடியை வெட்டியதும், வீட்டை விட்டுப் போனதும், பறக்கப் படித்ததும் எனக்குச் செய்தியாகத்தான் வந்தது. இப்போது இறக்கைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவைத்துக் கேட்கிறாள். ஒரு சொல். டவுட் என்று சொன்னால் இறங்கிவிடுவாள், என்னோடு வீட்டுக்கு வருவாள். சொல்லிவிடலாமா என்று தோன்றியது, பொய் சொல்லமாட்டேன். 

குனிந்து ஜாயிண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். இரண்டு ஸ்பிரிங்கையும் இழுத்துப் பார்த்தேன். “நல்லா கீது. போய்ட்டு வா” என்றேன்.

இன்ஜின் உறுமியது, புல்லில் ஓடியது, எழும்பியது. அவ்வளவு சிறிய விமானம் அவ்வளவு சீக்கிரம் சின்னதாகிவிடும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு காதைத்தான் கொடுத்தேன். சத்தம் மாறுகிறதா, பிசிறு தட்டுகிறதா, டப் என்கிறதா. திடலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரே சீராக வந்தது. திரும்பி, தாழ்ந்து, ஒரு குதி குதித்து இறங்கினாள்.

நான் ஓடினேன். இந்த வயதில், இந்த மூட்டு வலியோடு. இன்ஜின் நின்றதும் விமானத்தின் அடியில் படுத்துவிட்டேன். குழாய் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. விளக்கைப் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தேன். விரிசல் இல்லை. கருகல் இல்லை. வெல்டிங் ஒவ்வொன்றும் வைத்தது வைத்தபடி. 

பக்கத்தில் புல்லில் யாரோ படுத்தார்கள். நிம்மி. தலையில் இன்னும் ஹெட்போன். அவளும் குழாயைப் பார்த்தாள். “இன்னா மா, பைப்புக்கு ஒண்ணும் ஆவலியே?”

“பைப்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது” என்றேன். அவள் இறங்கி வந்ததிலிருந்து நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். “நீ எப்டிடி கீறே?”

வெட்கமில்லாமல் அழுதேன். எங்கள் இரண்டு பேருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. நான் எதைக் கேட்டாலும் ‘ஃபைன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற பெண், அந்த இன்ஜினுக்கு அடியில் படுத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். மேலே ஏறும்போது பயந்தது, ஆறு பாம்பு மாதிரி போனது, நம் வீட்டுக் கூரை தெரிந்தது, அப்பாவின் கார் தெரிந்தது, தரையைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்ற ஒரு ஆளைப் பார்த்து அது அம்மாதான் என்று கண்டுபிடித்தது. தமிழில் வராததை இங்கிலீஷில் சொன்னாள், இங்கிலீஷில் போதாததைக் கையால் காட்டினாள். லூர்து காரிலிருந்து இறங்கி வந்து எங்கள் தலைமாட்டில் நின்று, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குறுக்கே பேசாமல் கேட்கிற பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது. அன்றைக்கு அவள் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டேன்.